நன்கொடை கொடுத்தோம், ஓடர் கொடுக்கவில்லை

எங்களுக்குக் கடை நடத்தத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. கொழும்புப் புறக்கோட்டையிலும் தென்னிலங்கையின் சின்னச் சின்னப் பட்டினங்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை என்று வைத்துப் பிழைத்தவர்கள் புங்குடுதீவாராகிய நாங்கள். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் கடைகள் எரிந்தன. எரிந்த இடத்திலேயே திரும்பக் கதவு திறந்தவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். 1991இல் யாழ்ப்பாணத்தின் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது ஊரையே விட்டு வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகும் பாரிஸ் லா சப்பலில், ஸ்காபரோவில், சூரிச்சில் கடை போட்டோம். அப்படிப்பட்ட நாங்கள், எங்கள் ஊர் மடத்துவெளியில் ஒரு பெண் பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்த ஒடியலை இணையத்தில் விற்றுக்கொடுக்க, நின்றுபிடிக்கிற ஒரு கடையை இன்னும் போட்டுக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது எங்கள் ஊரைப் பற்றி.

இணையம் பழக்கமில்லை என்ற சாக்கும் எடுபடாது. ஊரில் ஒருவர் கண்மூடினால் மரண அறிவித்தல் பிரேதம் வீட்டுக்கு வரமுதல் ஏறிவிடும். மடத்துவெளி முருகனின் திருவிழாவை ரொறன்ரோவில் இருந்துகொண்டு பார்க்கலாம். வட்டாரத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பழைய மாணவர் சங்கம், சங்கத்துக்கு ஒரு முகநூல் பக்கம். இவ்வளவுக்கும் ஆள் கிடைத்தது, நேரம் கிடைத்தது. ஒரு கிலோ ஒடியல் என்ன விலை, எங்கே கட்டுவது, எப்போது வந்து சேரும் என்று எழுதிவைக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

வாங்குகிற பக்கத்தில் நாங்கள் கெட்டிக்காரர். வெளிநாட்டுக்காரர் காசு கட்ட, இலங்கையில் உள்ள சொந்தக்காரர் வீட்டு வாசலில் கேக்கும் பூவும் இறங்குகிற வியாபாரத்தைக் கப்ருகா என்ற இணையக் கடை 2000களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இப்போது யாழ்ப்பாணத்திலேயே அந்த வேலை செய்கிற கடைகள் பல. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு சுவிஸில் இருந்து ஓடர் போடுகிறோம். பண்ணைப் பாலமும் வாணர் பாலமும் தாண்டி, வெயிலில் கிறீம் உருகி, கேக் மடத்துவெளிக்கு வருகிறது. தீவுப்பகுதிக்கு என்று கூட ஒரு தொகை அறவிட்டால் அதையும் முணுமுணுக்காமல் கட்டுகிறோம். இவ்வளவு காலமும் பாலத்தால் சாமான் ஒரு திசையில்தான் ஓடியிருக்கிறது.

மற்றத் திசையில் அனுப்புவது கடினம் என்பது உண்மை. பனங்கட்டிக் குட்டானையே பாருங்கள். ஓலையில் பின்னிய சின்னக் குட்டான், உள்ளே கருப்பநீரைக் காய்ச்சி ஊற்றி இறுக்கிய கட்டி. ஒன்று மற்றதின் அளவில் இராது. இணையக் கடையில் ‘ஒன்று’ என்று போட்டால் பெரியது வருமா சின்னது வருமா என்று வாங்குகிறவர் கேட்பார். நிறுத்து விற்பதென்றால் ஓலையின் நிறை யாருடைய கணக்கில்? மாரி காலத்துக் காற்றுப் பட்டால் கட்டி கசியும். கசிந்தது ஓலையை நனைத்து, பெட்டியை நனைத்து, பக்கத்தில் வைத்த புழுக்கொடியலையும் பழுதாக்கும். பொலித்தீனில் அடைத்து ஒட்டினால் சாமான் தப்பும், ஆனால் லேபல் வேண்டும்: நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, சேர்மானம், முகவரி. வெளிநாட்டுக்குப் போகிற பொதிக்கு அந்த நாட்டுச் சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலை 1ஆம் திகதியோடு 22 யூரோவுக்கு உட்பட்ட சின்னப் பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கையும் எடுத்துவிட்டது. ஐந்து குட்டான் கேட்டவருக்குக் கட்டியின் விலையைவிடத் தபால் செலவும் வரியும் கூடிப்போகலாம்.

முகவரியும் ஒரு தலையிடி. எங்கள் ஊரில் வீட்டு இலக்கத்தைக் கேட்டு வீடு கண்டுபிடித்தவர் யார்? இத்தனையாம் வட்டாரம், இன்னாருடைய வளவு, கமலாம்பிகைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்றால் தபால்காரர் போய்ச் சேருவார். கூரியர்காரரின் போனில் இருக்கிற வரைபடத்துக்கு அது விளங்காது. பொதி எடுக்க வருகிறவர் பாலத்துக்கு இந்தப்பக்கம் வரத் தயங்கி, வேலணைக்குக் கொண்டுவர ஏலுமா என்று கேட்பார். பஸ்ஸில் போய்க் கொடுத்து வந்தால் ஒரு பகல் போச்சு.

பிறகு காசு. உள்ளூரில் பெரும்பாலானோர் சாமான் கைக்கு வந்த பிறகுதான் காசு தருவார்கள். வாங்காமல் திருப்பினால் போக்கு வரத்துச் செலவு இரண்டும் விற்றவரின் தலையில். அட்டையால் வாங்குவதென்றால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். அதற்கு வேலணைப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், வங்கிக் கணக்குக் காட்ட வேண்டும், ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு மூன்று ரூபாய் அளவில் விடவும் வேண்டும். வெளிநாட்டுக்காரருக்குப் பழகிய பேபாலில் இலங்கையில் இருந்து காசு அனுப்ப முடிந்ததே தவிர, நீண்ட காலமாக வாங்க முடியவில்லை. 2022இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் பாய்ந்து, பெற்றோலுக்கு வரிசை நின்றபோது, போட்ட விலை கிழமைக்கிடையில் பொய்த்துப் போனதையும் கண்டோம்.

இத்தனையையும் வரிசையாகச் சொல்லிவிட்டு ‘அதனால்தான் முடியவில்லை’ என்று எழுந்துபோக எங்களுக்கு வாய் வராது. பொதி கட்டுவது, நிறை பார்ப்பது, கடன் கொடுத்தவரிடம் காசு வாங்குவது, பழுதான சாமானுக்கு முகம் சுளிக்காமல் வேறு கொடுப்பது எல்லாம் எங்கள் பாட்டன்மார் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில் செய்த வேலை. சுங்கத் தாள் நிரப்பி மீனும் மரக்கறியும் பெட்டி பெட்டியாக இறக்குகிறவர்கள் லண்டனிலும் பாரிஸிலும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். பத்து வீட்டுச் சாமானை ஒரே பெயரில் பதிந்து, ஒரே லேபலில் அடைத்து, மாதம் ஒருமுறை ஒன்றாக அனுப்பினால் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி குறையும். இந்தக் கணக்கு எங்கள் கடைக்காரர் யாருக்கும் தெரியாததல்ல. கடலுக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு உடன்குடியில் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். இங்கே பனை அபிவிருத்திச் சபை 1978இல் இருந்து இருக்கிறது, ‘கற்பகம்’ என்று விற்பனை நிலையங்களும் வைத்தது. சபை என்ன செய்தது என்று கேட்க எங்களுக்கு எப்போதும் நேரம் இருந்தது.

வெளியில் சொல்லக் கூசுகிற காரணம் ஒன்றும் உண்டு. பனையில் ஏறுகிறவரையும் கருப்பநீர் காய்ச்சுகிறவரையும் நாங்கள் எங்கள் வியாபாரத்துக்குப் பங்காளியாக நினைத்ததேயில்லை. பனஞ்சாமான் சாதி பார்த்து ஒதுக்கிய சாமான். வீட்டில் ஒடியற்கூழ் குடிப்போம், கடைத் தட்டில் வைக்க மாட்டோம். எங்கள் ஊரவரான எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் கண்ணகை அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்டவர்களும் தண்ணீர் அள்ள வேண்டும் என்று நின்று பொலிசாரிடம் அடி வாங்கினார், இரண்டு வருடத்தில் இறந்தும் போனார். அவருக்கு நினைவுக் கூட்டம் வைக்கிற நாங்கள், அந்த மக்களின் கைச்சாமானுக்கு ஒரு விலைப்பட்டியல் எழுதவில்லை.

விலைப்பட்டியலுக்குப் பதில் நன்கொடை கொடுத்தோம். போர் முடிந்த பிறகு தையல் மெசின் கொடுத்தோம், கோழிக்கூடு கொடுத்தோம், ஆடு கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்தோம். கொடுத்தவர் பெயர் பதாகையில் பெரிதாக, வாங்கியவர் முகம் கமராவுக்கு நேரே. தைத்த சட்டையை யார் வாங்குவது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கச் சேர்ந்த காசில் நூறில் ஒரு பங்கு, ஒரு தராசு, பொதி ஒட்டுகிற ஒரு மெசின், ஓடர் எழுதுகிற ஒரு பிள்ளைக்கு ஒரு வருடச் சம்பளம் என்று போயிருக்கலாம். நன்கொடை கொடுத்தவருக்கு மாலை விழும். ஓடர் கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டுத்தான் வரும். நாங்கள் எதைத் தெரிந்தெடுத்தோம் என்று விளங்குகிறதுதானே.

ஓடர் கொடுத்த சிலரும் சரியாக நடக்கவில்லை. ஊருக்கு வந்தபோது ஆசையில் இருபது கிலோ சொல்லிவிட்டு, விமானத்தில் நிறை கூடும் என்று பத்தை விட்டுப் போனோம். ‘எங்கட சனம்தானே’ என்று விலை குறைத்தோம். காசைப் பிறகு உண்டியலில் அனுப்புகிறோம் என்று சொன்னோம், அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. அந்நியக் கடையில் இப்படிச் செய்தால் எங்கள் கணக்கை மூடியிருப்பார்கள்.

பனங்கிழங்கு கிண்டுவது தை, மாசியில். அதைப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பாத்தி போடுமுன்பே எவ்வளவு வேண்டும் என்று சொல்லிப் பாதிக் காசைக் கட்டினால், செய்கிறவருக்கு எத்தனை விதை புதைப்பது என்று தெரியும். சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் நன்கொடைப் பட்டியலுக்கு முன்னால் ஓடர்ப் பட்டியலை வையுங்கள். பேரம் பேசாதீர்கள். முதல் பொதி கசிந்து வந்தாலும் கசிந்தது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பொதிக்கும் காசு கட்டுங்கள்.