கறுப்பு அடித்தால் துரு போய்விடுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காருக்குத் துருத்தடுப்பு செய்வது தண்டச்செலவு என்று சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை. பணத்தை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் கறுப்பாக எதையோ பீய்ச்சி அடித்துவிட்டு, அதற்குத் துருத்தடுப்பு என்று பெயர் வைக்கிறவர்களோடும் சண்டை. இந்த இரண்டு கோஷ்டியும் சேர்ந்துதான் நம் வண்டிகளைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். துரு பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது.

கார் விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மும்பை மாதிரி ஊர்களில் பிழைக்க வந்த நம்மில் பலர் செய்யும் ஒரு காரியம். புது வண்டி வாங்குவோம். பழையதை விற்கப் போனால் சொல்கிற விலையைக் கேட்டு வயிறு எரியும். "சும்மா கொடுக்கிறதுக்கு ஊருக்கு அனுப்பிடலாம், அப்பா ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போய்வர ஆகும்" என்று வீட்டில் முடிவாகும். வெளியே பாலிஷ், புது சீட் கவர், நாலு டயரும் புதுசு. ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி, ஊரில் மறுபதிவு செய்து, வரி கட்டி, எல்லாம் ஒழுங்காக நடக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் கடல்காற்றில் நின்ற தகட்டின் மேல்தான் நாம் அப்பா அம்மாவை உட்காரவைத்து அனுப்புகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி (மெக்கானிக்குகள் ரன்னிங் போர்டு என்பார்கள்), பின் சக்கர வளைவு, சஸ்பென்ஷன் வந்து மாட்டும் இடங்கள், இவைதான் வண்டியைத் தாங்குகின்றன. பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்களும் அடியில்தான் ஓடுகின்றன. இவற்றில் துரு ஏறுவது அழகுப் பிரச்னை இல்லை. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டியது அந்த ரன்னிங் போர்டும் அதோடு சேர்ந்த தூணும்தான். அரித்துப்போன பிரேக் குழாய் என்றைக்கு வெடிக்கும் என்று பார்த்தால், நீங்கள் பிரேக்கைப் பலமாக மிதிக்கிற அன்றைக்குத்தான்.

இதில் கொடுமை, துரு பெரும்பாலும் உள்ளே இருந்து வெளியே வரும். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் போதும். உப்பு இருந்தால் வேகம் கூடும். கடல்காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரன்னிங் போர்டின் உள்பக்கமும் கதவின் அடிப்பக்கமும் கழுவ முடியாத இடங்கள். தண்ணீர் வடிய கம்பெனியிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். சேறு போய் அவை அடைத்துக்கொண்டால் உள்ளே குளம். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் நழுவினால் முன் சீட்டு மேட்டுக்கு அடியில் குளம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பெய்து மும்பை மூழ்கியதே, அப்போது கார்களுக்குள் போன சேற்றுத் தண்ணீரை மேலே துடைத்தவர்கள் பலர். பெட்டிக்குள் போனதைத் துடைக்கக் கை போகாது. வெளியே பெயின்ட் கொப்பளமாக எழும்பும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

அலுமினியத்தில் படியும் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு கீழே உள்ளதைக் காப்பாற்றும். இரும்புத்துரு அப்படியல்ல. ஓட்டை ஓட்டையாக இருக்கும், உதிரும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் துருவின் மேல் பூசும் எந்தப் பூச்சும் ஈரத் துணியின் மேல் பாலிதீன் கவர் போட்டது மாதிரிதான். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. பூசாமல் விட்டிருந்தாலாவது கண்ணில் பட்டிருக்கும்!

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன்.

புதுக் கார் வாங்கும்போது ஷோரூமில் கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து "அண்டர்பாடி கோட்டிங் போட்டுடலாம் சார்" என்பார்கள். புதுக் காரின் பாடி தொழிற்சாலையிலேயே பிரைமர் தொட்டியில் முழுசாக முங்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் பூச்சு ஏறித்தான் வருகிறது. பல வண்டிகளில் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு. அந்த நேரத்தில் அந்தச் செலவு அவ்வளவு அவசரமில்லை. ஆனால் அங்கேதான் விழுந்து விழுந்து விற்கிறார்கள். உண்மையில் தேவைப்படும் பத்து வருஷ வண்டியைக் கொண்டுபோனால் முகம் சுளிக்கிறார்கள். ஏன்? புதுத் தகட்டில் சுரண்டுகிற வேலை கிடையாது. ரெண்டு மணி நேரத்தில் அடித்துவிட்டு பில் போடலாம்.

என் பதினொரு வயசு வண்டிக்காகப் போன ஏப்ரலில் மூன்று இடங்களில் விசாரித்தேன். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் 4,500 ரூபாய், ரெண்டு மணி நேரம். "சுரண்டுவீர்களா?" என்றேன். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு அப்படியே அடிப்பார்களாம். காய எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அடுத்தது தெருவோர கராஜ். 1,800 ரூபாய். தாரும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்த ஏதோ ஒன்று. "சலேகா சாப், பத்து வருஷம் கவலையே இல்லை" என்றார். வண்டியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. மூன்றாவது ஆள் முதலில் லிஃப்டில் ஏற்றினார். என்னையும் அடியில் கூப்பிட்டு நிற்கவைத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டிக் காட்டினார். நல்ல தகடு 'டங்'கென்கிறது. அரித்தது 'பொத்'தென்கிறது. 14,000 ரூபாய், மூன்று நாள் என்றார். அவரிடம் கொடுத்தேன்.

அந்த மூன்று நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதை எழுதிவைக்கிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

1. மேட், கார்ப்பெட், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், சக்கர வளைவின் பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

2. அடியில் கழுவியபின் நன்றாகக் காய வேண்டும். ஒரு நாளாவது. அதனால் ஜூலையில் செய்யாதீர்கள். மே மாசத்துக்குள் முடியுங்கள், இல்லையென்றால் மழை விட்டபின்.

3. உதிர்கிற துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங். பட்டி வைத்து அடைப்பது ஏமாற்று வேலை.

4. சுரண்டியும் போகாத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்தது. துருவை அசையாத கறுப்புப் படலமாக மாற்றும். அது காய்ந்தபின் பிரைமர்.

5. அதற்கப்புறம்தான் அடிப்பூச்சு. சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ் எதிலும் படக்கூடாது. முன்னாலேயே மூடிவைக்க வேண்டும்.

6. பெட்டிகளுக்குள்ளே நீளக் குழாய் விட்டு மெழுகுப் பூச்சு அடிக்க வேண்டும். இதைச் செய்யாதவன் துருத்தடுப்பே செய்யவில்லை என்று அர்த்தம். வண்டி அரிப்பது அங்கேதான்.

7. கடைசியில் வடிகால் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். அடைத்துவிட்டுப் போனால் செய்யாமல் இருப்பதைவிட மோசம்.

8. வருஷம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கெட்டியான பூச்சில் கல் பட்டால் விரிசல் விடும், அதன் வழியே தண்ணீர் போய்த் தங்கும். மெழுகு வகை பரவவல்லது, ஆனால் கரைந்துபோகும், திரும்ப அடிக்க வேண்டும். 'ஒருமுறை அடித்தால் ஆயுசுக்கும்' என்பது வெறும் வாய்.

பேட்டரியில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று ஒரு எலக்ட்ரானிக் டப்பா விற்கிறார்கள். கப்பலுக்கும் மண்ணுக்கடியில் போகும் குழாய்க்கும் அந்த மாதிரி மின்பாதுகாப்பு வேலை செய்யும், ஏனென்றால் அவை தண்ணீரிலோ ஈரமண்ணிலோ கிடக்கின்றன. உங்கள் கார் காற்றில் நிற்கிறது. டப்பாவை விட்டுவிடுங்கள்.

அடுத்து, 'பழைய வண்டிக்கு எதுக்குப் பதினாலாயிரம்' கோஷ்டி. நான் பி.காம். படித்தவன், பேங்கில் லோன் பார்ப்பவன், கணக்கிலேயே பேசுகிறேன். ஏழு லட்ச ரூபாய் கார் லோன், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 11,260 ரூபாய். மொத்த வட்டி மட்டும் இரண்டரை லட்சத்தை நெருங்கும். பதினாலாயிரம் என்பது ஒன்றேகால் தவணை. இன்ஜின் நன்றாக இருக்கிற வண்டியை அது இன்னும் இரண்டு வருஷம் ஓடவைத்தாலே லாபம் யாருக்கு என்று நீங்களே போட்டுப்பாருங்கள். (லோன் கொடுக்கிற தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன். மேனேஜர் படிக்காமல் இருக்க வேண்டும் :-))

'இன்ஷூரன்ஸ் இருக்கே' என்பார்கள். பாலிசியை எடுத்துப் படியுங்கள். தேய்மானமும் நாள்பட்ட பழுதும் விலக்கு என்று அச்சடித்திருக்கும். துரு அதில்தான் வரும். செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு லோன் கேட்டு வரும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் பார்க்கிறேன். கிலோமீட்டர், டயர், பெயின்ட், இன்ஜின் சத்தம் எல்லாம் இருக்கும். அடித்தகடு பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம். ஏட்டில் வருஷாவருஷம் மீதித் தொகையில் 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே போனால் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. தரைத்தகடு தொடும்.

சட்டமும் ஒரு கெடு வைத்திருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. அந்த நேரத்தில் போய் அடியில் பார்ப்பதைவிட எட்டாவது, ஒன்பதாவது வருஷத்தில் பார்ப்பது மலிவு.

எல்லா வண்டிக்கும் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் ஓட்டை, ரன்னிங் போர்டு நீளத்துக்கும் அரிப்பு என்றால் பூச்சு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டினால் புதுக் காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர வழி இருக்கிறது. தயவுசெய்து அந்த வண்டியைக் கறுப்பு அடித்து ஊருக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இரும்பும் கடலும் தெரியாததல்ல. 1914-ல் திறந்த பாம்பன் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உப்புக்காற்றில் ரயிலைத் தாங்கியது. சுரண்டி, பெயின்ட் அடித்து, கெட்டதை மாற்றி, ஓயாமல் பார்த்துக்கொண்டதால் தாங்கியது. அப்படியும் துரு விடவில்லை. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தார்கள். ஒரு பாலத்துக்கே கதை இதுதான் என்றால், மெல்லிசுத் தகட்டில் செய்த நம் காருக்கு, பார்க்காமலே, தொடாமலே, ரெண்டு மணி நேரக் கறுப்பு போதும் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறோம்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போங்கள். முன் சீட்டு மேட்டைத் தூக்கி அடியில் கையை வையுங்கள். ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? முதல் பதில் அதுவே சொல்லும். வண்டியை ஊருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால், லாரிக்காரருக்குப் போன் போடுவதற்கு முன் லிஃப்ட் வைத்திருப்பவருக்குப் போடுங்கள்.