ஆளைக் குறைக்கும் முன் மின் பட்டியலைப் பாருங்கள்

2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் கூட்டப்பட்டபோது, நுவரெலியாவில் எங்கள் வாப்பா நடத்தும் சிறிய பேக்கரியில் நான்கு பேர் வேலை செய்தார்கள். அடுத்த மாதம் மூன்று பேர். பணிஸ் பொதி கட்டிக்கொண்டிருந்த, பக்கத்துத் தோட்டத்து அக்காவை வாப்பா நிறுத்திவிட்டார். "என்ன மகள் செய்ய? கரண்ட் பில்லோட பேசி அதைக் குறைக்க ஏலுமா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேஸ் கிடைக்காமல் பேக்கரிகள் மூடப்பட்ட ஆண்டு அது. நாங்கள் பழைய விறகு அடுப்பைத் திருத்தி, அதில்தான் பாண் போட்டோம். அதே ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குத் தாவியது. மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் வாடிக்கையாளர்கள் கடையில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அக்காவை நிறுத்தியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவரை அனுப்பிய நாள்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பட்டியலை முழுதாக வாசித்திருக்கவில்லை. கடைசியில் இருக்கும் தொகையை மட்டுமே பார்த்தோம்.

2023 பெப்ரவரியில் கட்டணம் மீண்டும் 66 வீதத்தால் கூடியது. வணிகக் கல்வி படிக்கிறேன் என்ற துணிச்சலில் நான் ஒரு வேலை செய்தேன். இரவு கடையைப் பூட்டும்போது மீற்றரில் இருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். சுபஹுக்கு முன் வாப்பா அடுப்பு மூட்டப் போனபோது கூடவே போய் மறுபடியும் பார்த்தேன். ஆறு யூனிட் ஓடியிருந்தது. கடையில் ஈ, காக்கை இல்லாத நேரத்தில் ஆறு யூனிட்! கதவு சரியாக மூடாத பழைய குளிர்பானக் கண்ணாடிப் பெட்டி, பாதி வெறுமையாகக் கிடந்த ஃப்ரீஸர், யாரோ அணைக்க மறந்த சுடுநீர்க் கருவி, மூன்றும் சேர்ந்து செய்த வேலை. போர்வைக்குள் நாம் நடுங்கும் ஊரில், விடிய விடியக் காசு கொடுத்துச் சோடாவைக் குளிரவைத்திருக்கிறோம்.

பெட்டியை நிறுத்தினோம். ஃப்ரீஸருக்குக் கதவு ரப்பர் மாற்றினோம். அடுப்பிலும் ஒழுங்கை மாற்றினோம்: பாண் இறங்கியதும் சூடு ஆறும் முன் பணிஸ், அதன் பின் மிஞ்சிய சூட்டில் பிஸ்கட். விறகும் குறைந்தது. எல்லாம் சேர்ந்து மிச்சமானது அக்காவின் முழுச் சம்பளம் அல்ல. அதில் பாதிக்குக் கிட்ட வரும். அதற்குள் அவர் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

எங்கள் பேக்கரி சிறியது. ஆனால் தோட்டத்து மக்கள் இன்றும் 'ஸ்டோர்' என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலும் கதை இதுதான், கணக்குத்தான் பெரிது. நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து கிடைப்பது இருபத்திச் சொச்சம் கிலோ தேயிலை. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை வெளியேற்றுவதற்குத்தான் விசிறியும் விறகும் இரவெல்லாம் உழைக்கின்றன. பணிஸுக்கு வாப்பா பத்து ரூபா கூட்டலாம். தேயிலைக்கு விலை வைப்பது கொழும்பு ஏலம்; தொழிற்சாலை தன் பில்லைக் காட்டி அங்கே விலை கேட்க முடியாது.

பெரிய தொழிற்சாலைகளுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரை மின்சாரம் மிக விலை. அதன் பின் விடிகாலை 5.30 வரை மலிவு. ஆகவே இயந்திரங்களை இரவில் ஓட்டுங்கள் என்று சொல்வது எளிது. கொழுந்து காத்திருக்காதே! மாலையில் வந்து சேர்ந்ததும் அதை வாட்டத் தொடங்கியாக வேண்டும். வாட்டும் விசிறியில்தான் வழி இருக்கிறது. மழைக் கொழுந்துக்கு முதல் சில மணி நேரம் காற்று நிறைய வேண்டும். ஈரம் போனபின் அவ்வளவு தேவையில்லை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இது விசிறிகளின் பௌதிக விதி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு முதலில் பணம் வேண்டும், உண்மைதான். நலிந்த தொழிற்சாலைகளுக்கு அரசு கடன் கொடுப்பதென்றால் இதற்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

நம் முன்னவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கந்தப்பளையில் இன்று ஹோட்டலாக இருக்கும் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு அதன் மாடிகளில் வரிசை வரிசையாக உள்ள ஜன்னல்கள் நினைவிருக்கும். அவை அழகுக்கு வைத்தவை அல்ல. மலைக்காற்றிலேயே கொழுந்தை வாட்டுவதற்கு. தோட்டங்கள் பலவற்றில் ஓடைநீரில் சுழன்ற டர்பைன்களே இயந்திரங்களை ஓட்டின. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர சிறிய நீர்மின் நிலையம் அமைத்து இந்த நகருக்கு வெளிச்சம் கொடுத்தது 1912இல். பிறகு லக்சபான மின்சாரம் கம்பியில் வந்தது, டர்பைன்கள் துருப்பிடித்தன. மூடுபனி ஊரில் கூரைச் சூரியத் தகடு தரும் பலனைவிட, ஓடை உள்ள தோட்டத்துக்கு அந்தப் பழைய டர்பைன் குழியைத் தோண்டிப் பார்ப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது.

இவை எதையும் செய்யாமல், "மின்சாரம் ஏறிவிட்டது, சம்பளம் கூட்ட முடியாது" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2021 மார்ச்சில் 1000 ரூபாவான தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், அத்தனை விலையேற்றத்தையும் கடந்து 2024 வரை அங்கேயே நின்றது. அவர் வீட்டுக்கும் கரண்ட் பில் வந்துகொண்டுதான் இருந்தது.

முதலாளிமாருக்கு நான் கேட்பது ஒன்றுதான்: பட்டியலை அலுவலக லாச்சிக்குள் வைக்காமல் வேலை செய்பவர்களிடம் காட்டுங்கள். எந்த விசிறி சும்மா சுற்றுகிறது என்பது இரவு வேலைக்காரருக்குத் தெரியும். எங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டியின் கதவு சரியாக மூடுவதில்லை என்று முதலில் சொன்னது அந்த அக்காதான். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது வாப்பா ஒவ்வோர் இரவும் மீற்றர் இலக்கத்தைக் கலண்டரில் எழுதுகிறார். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த அக்கா பணிஸ் வாங்க வந்தபோது, அந்தக் கலண்டரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா காசு வாங்கவில்லை.