அசெம்பிள்டா, ரெடிமேடா?

பேரனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. போன வருடக் கோடையில் நடந்த கதை இது. கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதையும் பாகம் பாகமாக வாங்கி நானே கட்டுவேன் என்றான் பேரன். "கட்டறதாவது! நல்ல லேப்டாப்பா வாங்கித் தரேன், காலேஜுக்கும் ஆகும்" என்றான் என் மகன். பணம் யாருடையது என்று பார்த்தால், பாதி பேரன் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் வந்ததைச் சேர்த்தது. மீதி, நான் தருகிறேன் என்று வாய் தவறிச் சொன்னது. மொத்தம் 80,000 ரூபாய். பணத்தில் பங்கு இருந்ததால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கேமிங் கம்ப்யூட்டர் என்றால் கட்டுவதுதான் சரி. எல்லா வீட்டுக்கும் அல்ல. அந்த விதிவிலக்குகளுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 1999-ல் இதே மகன் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். ரிச்சி தெருவில் சாமான் வாங்கி அசெம்பிள் செய்துகொள்கிறேன் என்று ஒரு மாதம் கெஞ்சினான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விலைப்பட்டியல்கூட எழுதி வைத்திருந்தான். நான் கேட்கவில்லை. பி.எஃப்.பில் கடன் போட்டு, பேர் பெற்ற ஒரு கம்பெனியின் பெட்டியைக் கடையிலிருந்து இறக்கினேன். பெட்டியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர்: கிழித்தால் வாரண்டி போச்சு. ஒரு வருடம் அதை யாரும் தொடவில்லை. பிறகு பையன் ஒரு கார் ரேஸ் கேமுக்காக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்றபோது மெக்கானிக்கை வரவழைத்துத் திறந்தோம். உள்ளே மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் அடங்கிய மலிவு வகை. கார்டு செருக வேண்டிய ஏ.ஜி.பி. ஸ்லாட்டே கிடையாது. "இதுல ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று மூடிவிட்டுப் போய்விட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கேம் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த ஸ்லாட் விவகாரம்தான் என் வாதத்தின் அஸ்திவாரம். ரெடிமேடு பெட்டியின் வெளியே எழுதியிருப்பது மூன்று நான்கு விஷயங்கள்தான்: பிராசசர் என்ன, ராம் எத்தனை ஜி.பி., கிராபிக்ஸ் கார்டு எது, டிஸ்க் எவ்வளவு. விற்பவன் மிச்சம் பிடிப்பது எழுதாத இடங்களில். போன வருடமும் ஒரு ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தோம். 16 ஜி.பி. ராம், ஆர்.டி.எக்ஸ் 4060, ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி., விலை 86,000. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். எந்த மேக் என்று பேரன் கேட்டான். "கம்பெனி சப்ளை சார், நல்லாத்தான் இருக்கும்" என்றார் விற்பனைப் பையன். ராம் ஒரே துண்டா, இரண்டு துண்டா என்று கேட்டான். அதற்கும் பதில் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். ஒரே துண்டு. எட்டு எட்டாக இரண்டு போட்டால் பிராசசருக்கு நினைவகத்தோடு பேச இரண்டு வழி கிடைக்கும். ஒன்று போட்டால் ஒரு வழிதான், சில கேம்களில் வேகம் நன்றாகவே குறையும். ஜி.பி. கணக்கு ஒன்றுதான், சரக்கு வேறு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மின்சாரம் வருவதும் போவதும் ஏறுவதும் இறங்குவதும் உங்களுக்குத் தெரியும். 230 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக்கி உள்ளே எல்லோருக்கும் பரிமாறுகிற சமையல்காரன் அதுதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போவதில்லை, சில சமயம் போர்டையும் கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 80 ப்ளஸ் என்ற முத்திரையைப் பார்த்து வாங்கு என்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாகங்களின் ஆயுளுக்கான உத்தரவாதம் அல்ல. பார்க்க வேண்டியது எத்தனை வருட வாரண்டி என்பதை. நாங்கள் 5 வருட வாரண்டி உள்ள 650 வாட்ஸ் வாங்கினோம். 4060 கார்டு தின்பது 115 வாட்ஸ்தான், 550-ஏ போதும். நாளைக்குப் பெரிய கார்டு போட இடம் இருக்கட்டும் என்றுதான் நூறு கூட்டினோம். சில பெரிய கம்பெனிப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பிளக்கே வேறு மாதிரி, அந்தக் கம்பெனி போர்டுக்கு மட்டும் பொருந்துகிறபடி இருக்கும். கெட்டுப்போனால் கடையில் கிடைக்கிற எதுவும் சேராது.

மகனின் லேப்டாப் யோசனையையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஹாஸ்டலுக்குப் போகிற பையன் என்றால் அதுதான் வழி. இவன் வீட்டிலிருந்தே காலேஜ் போகிறவன். லேப்டாப்பில் பெயர்களை நம்பக் கூடாது. ஆர்.டி.எக்ஸ் 4070 என்று டெஸ்க்டாப்பிலும் எழுதியிருக்கும், லேப்டாப்பிலும் எழுதியிருக்கும். டெஸ்க்டாப் கார்டில் 5,888 கோர்கள், 12 ஜி.பி. நினைவகம். லேப்டாப்பில் இருப்பது 4,608 கோர்கள், 8 ஜி.பி. ஒரே பெயர் வைத்த இரண்டு பிள்ளைகள். மூன்று வருடம் கழித்து கார்டு போதவில்லை என்றால் லேப்டாப்பை அப்படியே மாற்ற வேண்டும். டெஸ்க்டாப்பில் கார்டை மட்டும் மாற்றலாம். 2017-ல் ஏ.எம்.டி. ரைசன் பிராசசருக்காக வாங்கிய போர்டு வைத்திருந்தவர்கள் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, அதே போர்டில் 2022-ல் வந்த பிராசசரைப் போட்டு ஓட்டினார்கள். இப்போதைய ஏ.எம்.5 சாக்கெட் 2022-ல் வந்தது. 2027 வரையாவது அதைத் தொடர்வதாக அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. பேரன் அதனால்தான் ரைசன் 5 7600 எடுத்தான்.

வாரண்டி விஷயத்தில் மகன் சொன்னது நியாயம். கட்டிய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி. பெரும்பாலும் 3 வருடம், ரெடிமேடு பெட்டிக்கு வழக்கமாகத் தருகிற 1 வருடத்தைவிட அதிகம்தான். ஆனால் கெட்டது எது என்று நீங்களே கண்டுபிடித்து, அதைக் கழற்றி, அந்தந்த சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். சென்னைவாசிக்கு அது ஒரு நாள் அலைச்சல். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் இருப்பவர்கள், வீட்டுக்கே வந்து சரிசெய்து தருகிற வாரண்டியோடு ரெடிமேடு வாங்குவதில் தப்பே இல்லை. பொறுமை இல்லாத பையனுக்கும் அதையே சொல்வேன். வெறும் வேலரன்ட் ஆடுவதற்குத்தான் என்றால் இத்தனை செலவே வேண்டாம், அந்த கேம் சாதாரண மெஷினிலேயே ஓடும். எந்த கேம் ஆடப் போகிறாய் என்று முதலில் கேளுங்கள், விலையை அப்புறம் பேசலாம்.

இன்னொரு விஷயம். நாங்கள் கோடையில் வாங்கிவிட்டோம். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில், குரூஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. பழைய விலைக்கு ராம் வாங்கி வைத்திருந்த பெரிய கம்பெனியின் ரெடிமேடு பெட்டி, நாம் கட்டுவதைவிட மலிவாகவே கிடைக்கலாம். ஆகவே பாகங்களின் விலையைத் தாளில் எழுதிக் கூட்டிவிட்டு முடிவெடுங்கள். ரெடிமேடு மலிவு என்றால் வாங்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் எது என்று எழுத்தில் கொடுத்தால்.

ஒரு சனிக்கிழமை நானும் பேரனும் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். எழுபதுகளின் கடைசியில் நான் ரேடியோ சாமான் வாங்க வந்த தெரு. கேங் கண்டென்சர், ஃபெரைட் ராட் எல்லாம் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். அந்த ரேடியோவைக் கட்டியவன்தான், மகன் கேட்டபோது உனக்குத் தெரியாது என்று சொன்னேன். மூன்று கடையில் விலை கேட்டோம். நாலாவது கடையில் 79,400-க்கு முடிந்தது, பில்லோடு. மானிட்டர் மகன் வீட்டிலிருந்து வேலை பார்க்க வாங்கியது இருந்தது. "இங்கேயே மாட்டித் தரேன், விண்டோஸும் போட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர். லைசென்ஸ் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். சீல் பிரிக்காத பெட்டிகளாகவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

சாப்பாட்டு மேஜையில் வேலை ஆரம்பமானது. ஸ்க்ரூக்களை வகைவகையாகப் போட்டு வைக்க என் மனைவி எவர்சில்வர் கிண்ணங்கள் கொடுத்தாள். பிராசசரின் முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, நெம்புகோலை அழுத்தும்போது ஒரு முனகல் வரும் பாருங்கள், எனக்குப் பற்கூச்சமே வந்துவிட்டது. பேரன் அசரவில்லை. அவன் பத்துத் தடவை வீடியோவில் பார்த்தவன். எட்டரை மணிக்கு ஸ்விட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பு. இந்த வகை போர்டு முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், கலவரப்படக் கூடாது என்று பேரனே எனக்குச் சொல்லியிருந்தான். பத்து நிமிடம் ஆயிற்று. பையன் முகம் சுண்டிப்போனது. 79,400 ரூபாய் என் கண் முன்னால் நின்றது.

இந்த வேலையிலேயே தலையிட மாட்டேன் என்று சொல்லி டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்தான். செல்போன் டார்ச்சைப் போட்டுப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். மானிட்டர் ஒயரை மேலே மதர்போர்டிலிருந்து பிடுங்கி, கீழே கிராபிக்ஸ் கார்டில் செருகினான். திரை வந்தது.

"கார்டு வாங்கிட்டு போர்டுல மாட்டறீங்களே" என்று மட்டும் சொன்னான். போவான் என்று பார்த்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் இழுத்து டேக் போட்டுக் கட்டினான். பயாஸுக்குள் போய், ராம் முழு வேகத்தில் ஓட எக்ஸ்போ என்ற ஒன்றை ஆன் செய்யவும் பேரனுக்குக் காட்டினான். இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பதினொரு மணி வரைக்கும் அப்பாவும் பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. தோசை மாவைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு என் மனைவி படுக்கப் போய்விட்டாள்.