அயலார் நட்புக்கு உரைகல்

எகிப்தின் கடற்கரை நகரமாகிய அலெக்சாந்திரியா, அயலாரின் காதலுக்கும் நட்புக்கும் இலக்கணம் வகுத்த நகரம் என்பர் சிலர். அதற்குச் சான்றாக அவர்கள் நீட்டுவன, லாரன்ஸ் டரல் ஆங்கிலத்தில் 1957 முதல் 1960 வரை வெளியிட்ட நான்கு நாவல்கள். அவற்றின் நடையழகை எவரும் மறுக்கார். ஆயினும், அந்நகரின் பெரும்பான்மையரான அரபு மக்கள் அவற்றில் எங்கே? பெரும்பாலும் ஏவலராகவும் தெருக்கூட்டமாகவுமே வந்து போகின்றனர். விருந்துண்டோரின் காதல் விரிகிறது. பரிமாறியோரின் உள்ளம் மூடியே கிடக்கிறது.

“அஃது அக்காலத்து இயல்பு” என வாதிடுவோர் உளர். அவ்வாதம் நில்லாது. 1915இல் செஞ்சிலுவைப் பணிக்காக அங்குச் சென்ற ஈ. எம். ஃபார்ஸ்டர், முகமது எல் அட்ல் என்னும் டிராம் நடத்துநரை உயிரினும் இனியராகக் கொண்டார். ஆள்வோர் இனத்தவர் ஆளப்படுவோரை நேசித்தல் அன்று எளிதன்று. 1922இல் அவ்விளைஞர் மறைந்தார். 1924இல் வெளிவந்த ஃபார்ஸ்டரின் ‘எ பாசேஜ் டு இந்தியா’, அவ்விரு சாராரும் நண்பராதல் கூடுமோ என்றே வினவியது.

1967இல் எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ், ‘மிராமார்’ நாவலில் அதே நகரின் விடுதியொன்றைக் காட்டினார். விடுதிக்கு உரியவர் கிரேக்க மூதாட்டி; கதையின் நடுவில் நிமிர்ந்து நிற்பவளோ நாட்டுப்புறத்துப் பணிப்பெண் சோஹ்ரா.

நட்புக்கென ஐந்து அதிகாரங்கள் வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். அயலார் தமக்குள் கூடி மகிழ்தல் எளிது. சோறிட்ட மண்ணின் மக்களைப் பெயர்சொல்லி அறிந்து நேசிப்பதே நட்பு. மற்றது வெறுங் கூட்டுறவு.