காத்திருப்போரும் பந்தயக்காரரே

விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே செல்வது என்றால் பூங்கா, கோயில், திரையரங்கு, வணிக வளாகம் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். மலைப்பாதையில் பல மணி நேரம் மிதிவண்டி ஓட்டும் பந்தயத்துக்குக் குடும்பமாகச் செல்வது வியப்பாகத் தோன்றலாம். ஒருவர் சேற்றிலும் கல்லிலும் மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருப்பது எப்படி இன்பச் சுற்றுலா ஆகும் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. காத்திருப்போருக்கு அப்பந்தயத்தில் என்ன பங்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்கான விடை அமையும். பங்கு இருந்தால் அதைவிடச் சிறந்த குடும்பச் சுற்றுலா அரிது. பங்கு இல்லையென்றால் அது ஒருவருடைய பொழுதுபோக்குக்காக மற்றவர்கள் கொடுக்கும் விலையாகவே முடியும்.

மலையில் பிறந்த விளையாட்டு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு வடக்கே மரின் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள தமால்பைஸ் மலையிலும் அதைச் சூழ்ந்த குன்றுகளிலும் 1970களில் இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை ஓட்டி மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு அவர்கள் தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். மீண்டும் நிரப்புதல் என்பது அதன் பொருள். வேகமாக இறங்கும்போது பின்சக்கரத்தின் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸை நிரப்ப வேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது. இவ்வாறு பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டிப் பழகியவர்களின் கைகளில்தான் மலை மிதிவண்டி உருவாயிற்று. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டுக்கு இடம் கிடைத்தது.

ஒலிம்பிக் பந்தயம் தேர்ந்த வீரர்களுக்கு உரியது. நெடுந்தொலைவுப் பந்தயங்களோ பொதுமக்களுக்கும் இடம் தருகின்றன. அவற்றில் கலந்துகொள்வோரில் பெரும்பாலோர் அலுவலகத்திலோ கடையிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவர்கள். பரிசுத்தொகை அவர்களுடைய எண்ணத்தில் இருப்பதில்லை. குறித்த நேரத்துக்குள் பாதையை முடித்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். முதலாவதாக வருபவர் குளித்து உணவு உண்டபின்னும் பலர் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் அந்தப் பந்தயம் வீரர்களாகவே ஏற்றுக்கொள்கிறது.

முதுகில் ஒரு குழந்தையின் நினைவு

நார்வே நாட்டில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிர்க்கபைனர் மிதிவண்டிப் பந்தயம் இதற்கு நல்ல சான்று. அதன் பாதை ரேனா என்னும் ஊரில் தொடங்கி, மலையைக் கடந்து, லில்லேஹாமர் நகரத்தில் முடியும். நீளம் 80 கிலோமீட்டருக்கும் மேல். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் அப்பந்தயத்தில் ஒரு தனித்த மரபு உண்டு. ஓட்டுபவர் 3.5 கிலோகிராம் எடையுள்ள பையை முதுகில் சுமந்துகொண்டே மலையைக் கடப்பார்.

அந்தச் சுமை ஒரு குழந்தையின் நினைவாக ஏற்கப்படுவது. 1206ஆம் ஆண்டு நார்வேயில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அரச வாரிசான ஹாக்கோன் அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. எதிரிகளிடமிருந்து அவனைக் காப்பதற்காக, பிர்க்கபைனர் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த வீரர் இருவர் கடுங்குளிரில் பனிச்சறுக்குக் கட்டைகளின் உதவியால் மலையைக் கடந்து அவனைச் சுமந்து சென்றனர். உயிர்பிழைத்த அக்குழந்தை 1217ஆம் ஆண்டு நார்வேயின் மன்னன் ஆனான்.

எவ்வளவு விரைவாக மலையைக் கடந்தார் என்று கேட்பதோடு, எதைச் சுமந்துகொண்டு கடந்தார் என்றும் அந்த மரபு கேட்கிறது. பந்தயத்துக்கு வரும் தாய் தந்தையர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அவர்களுடைய உழைப்பில் குடும்பத்தின் நேரமும் பொறுமையும் கலந்திருக்கின்றன. அந்தச் சுமையைத் தராசில் நிறுக்க இயலாது. ஆயினும் அதை மறந்துவிட்டு ஓட்டுபவர் பாதி பந்தயத்தையே ஓட்டுகிறார்.

பாதையோரத்துப் பணிகள்

காத்திருப்போர் செய்வதற்கு உண்மையான வேலைகள் பல உள்ளன. மனித உடல் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து, கடுமையாக உழைக்கும்போது சுமார் இரண்டு மணி நேரத்தில் பெருமளவு தீர்ந்துவிடும். அதன்பின் கால்கள் கனக்கும், கண் மங்கும், சிறிய ஏற்றமும் பெருமலையாகத் தோன்றும். ஆகவே நெடுந்தொலைவு ஓட்டுபவர் பசி எடுக்கும்முன்னே உண்ண வேண்டும். தாகம் எடுக்கும்முன்னே நீர் அருந்த வேண்டும். பாதையோரத்தில் வாழைப்பழமும் உப்பிட்ட உருளைக்கிழங்கும் தண்ணீர்ப் புட்டியும் ஏந்தி நிற்கும் பிள்ளை, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை அன்று. அந்தக் கை நீளாவிட்டால் சக்கரம் சுழலாது.

கணக்கில் விருப்பமுள்ள சிறுவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. ஒரு சுற்று 12 கிலோமீட்டர், அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். ஏற்றத்தில் களைப்பு கூடக்கூட அடுத்த சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை மணிக்கு நீர் கொடுக்க ஆயத்தமாக வேண்டும் என்று கணித்துச் சொல்வது எளிதான செயலன்று. பஞ்சரான டியூபை மாற்றவும், சங்கிலிக்கு எண்ணெய் இடவும், இரவு ஓட்டத்துக்கான விளக்கின் மின்கலத்தை மின்னேற்றி வைக்கவும் பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு கற்றுக்கொள்ளலாம். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இங்கே நகர்வது இரண்டே சக்கரம். ஆனால் வடம் பிடிக்கும் கைகள் பல.

பந்தயத்தின் விதிகளே சேர்ந்து உழைப்பதை வற்புறுத்தும் இடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டு தொடங்கிய ‘கேப் எபிக்’ என்னும் எட்டு நாள் பந்தயத்தில் இருவர் இருவராகவே பங்கேற்க வேண்டும். இணையர் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி ஏற்பட்டால் தண்டனை உண்டு. வலியவர் மெலியவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்வது அங்கே இரக்கச் செயலாகக் கருதப்படுவதில்லை; அது விதி.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் மற்றொரு வழியைக் காட்டியது. அணியில் உள்ளவர்கள் மாறி மாறி ஒவ்வொரு சுற்றாக ஓட்டுவார்கள். ஒருவர் காட்டுப்பாதையில் விளக்கொளியில் செல்லும்போது, மற்றவர்கள் கூடாரத்தில் உறங்குவார்கள் அல்லது சமைப்பார்கள். காலையில் ஓட்டியவர் மாலையில் காத்திருப்பார், காத்திருந்தவர் ஓட்டுவார். குடும்பங்களுக்கு எல்லாவற்றிலும் ஏற்ற முறை இதுவே.

எதிர்ப்பவர் சொல்வதிலும் உண்மை உண்டு

இவ்விளையாட்டை மறுப்போர் மூன்று குறைகளைச் சொல்வதுண்டு. முதலாவது, நேரம். நெடுந்தொலைவுப் பந்தயம் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்கான பயிற்சிக்குப் பல மாதங்கள் தேவை. ஞாயிறுதோறும் தந்தை விடியற்காலையில் வண்டியோடு புறப்பட்டுவிட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது என்ன என்று கேட்கிறார்கள். பந்தய நாளில் மட்டும் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்வது இதற்கு விடையாகாது. பயிற்சி நாள்களில் ஒரு பகுதியேனும் பிள்ளைகளின் வேகத்தில், பிள்ளைகள் விரும்பும் பாதையில் அமைய வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பல குடும்பங்களில் ஓட்டுபவர் எப்போதும் தந்தையாகவும், உணவு கட்டி எடுத்துவந்து காத்திருப்பவர் எப்போதும் தாயாகவும் இருக்கிறார்கள். அத்தகைய சுற்றுலாவில் தாய்க்கு விடுமுறை இல்லை. சமையலறை காட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. முதுகுப்பை ஒருவர் தோளிலேயே நிலைத்துவிடக் கூடாது. இந்த ஆண்டு தந்தை ஓட்டினால் அடுத்த ஆண்டு தாய் ஓட்டட்டும். தந்தை தண்ணீர்ப் புட்டியோடு ஏற்றத்தில் நிற்கட்டும். அம்மா மலையேறி வருவதைக் கண்டு கைதட்டிய மகளுக்கும் மகனுக்கும் அதற்குமேல் அறிவுரை தேவைப்படாது.

மூன்றாவது, பிள்ளைகளின் மீது சுமத்தப்படும் ஆசை. தம்மால் இயலாததைப் பிள்ளை முடித்துக் காட்ட வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் எல்லா விளையாட்டிலும் உண்டு. நெடுந்தொலைவு பெரியவர்களுக்கு உரியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதையே போதுமான பந்தயம். அதையும் பாதியில் நிறுத்திவிட்டு, வழியில் கண்ட வண்ணத்துப்பூச்சியைப் பற்றிப் பேச வந்தால், அந்தப் பிள்ளை தோற்கவில்லை. பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுத்தல் கூடாது. தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். பிரேக் இரண்டும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்திய மலைப்பாதைகளில்

இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லாவைச் சுற்றியுள்ள மலைகளில் பல நாள் நீளும் மலை மிதிவண்டிப் பந்தயங்கள் நடந்துள்ளன. பெங்களூரு மக்கள் நந்தி மலைக்கும், புனே மக்கள் சிங்ககட் கோட்டைக்கும் விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் ஏறிச் செல்கிறார்கள். டெல்லிக்கு அருகில் ஆரவல்லிக் குன்றுகள் இருக்கின்றன. பந்தயம் என்ற பெயரே இல்லாமல், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மண்பாதையில் மாறி மாறிச் சுற்று ஓட்டினாலும் போதும். காட்டுப்பகுதி என்றால் வனத்துறையின் அனுமதி பெறுவதும், கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவருவதும் கடமை.

பிழைப்புக்காகப் பிற மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய நாள்கள் இன்னும் மிகுதியாகத் தேவை. தாத்தாவும் பாட்டியும், அத்தையும் சித்தப்பாவும் பெரும்பாலும் தொலைவில் இருக்கிறார்கள். வாரம் முழுவதும் வேலையும் பள்ளியும் எடுத்துக்கொண்டபின் குடும்பத்துக்கு எஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை நான்கு பேரும் நான்கு கைப்பேசிகளோடு கழிப்பதைவிட, ஒருவர் களைப்பை மற்றவர் கண்ணால் கண்டு கழிப்பது மேல். பக்கத்துக் கூடாரத்துக்காரர் பராத்தா கொடுப்பார். இவர்கள் தயிர்ச்சோறு கொடுப்பார்கள். மொழி தெரியாத ஒருவர், பிள்ளையின் வண்டிச் சங்கிலியை மாட்டிக் கொடுத்துவிட்டுச் செல்வார். புதிய ஊர் சொந்த ஊராவது இவ்வாறுதான்.

பெற்றோர் வெற்றி பெறுவதைப் பிள்ளைகள் காண்பது நல்லது. அவர்கள் களைத்துப்போய், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, மீண்டும் ஏறி அமர்ந்து, கடைசி ஆளாக வந்து சேர்வதைக் காண்பது அதைவிட நல்லது. தேர்வில் மதிப்பெண் குறைந்த நாளில் பிள்ளைக்குத் துணை நிற்கப்போவது அந்தக் காட்சியே. ஆகவே இத்தகைய பந்தயம் நடைபெறும் இடத்துக்குச் செல்லும் குடும்பம், தன் ஆள் வந்து சேர்ந்தவுடன் புறப்பட்டுவிடக் கூடாது. கடைசியாக வருபவருக்கும் கைதட்டிவிட்டே வீடு திரும்ப வேண்டும். அவருக்காகவும் ஒரு குடும்பம் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

சிந்தித்து எழுதுக

1. ‘காத்திருப்போரும் பந்தயக்காரரே’ என்னும் தலைப்பு பொருத்தமானதா? காரணங்களுடன் எழுதுக.
2. கட்டுரையில் கூறப்படும் மூன்று குறைகளுள் எது பெரியது என்று கருதுகிறாய்? ஏன்?
3. உன் குடும்பத்தில் அனைவருக்கும் பங்கு உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிட்டு, யாருக்கு என்ன பணி என்பதை அட்டவணையாக எழுதுக.