விதி மாறியதை வீட்டுக்கு யார் சொல்வது?

2024 அக்டோபரில் மத்திய அரசு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளைத் திருத்தியது. அடையாள அட்டை மூன்று நிறமானது: 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். சான்றிதழ் வழங்க இருந்த ஒரு மாதக் கெடு மூன்று மாதமானது. விண்ணப்பித்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பரிசோதனைக்கு வராமலிருந்தால் மனு செயலிழக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் மேட்டூர், மேச்சேரி, கொளத்தூர் பக்கம் ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் குடும்பங்களுக்கு இதையெல்லாம் நேரில் எடுத்துச் சொல்வது யார் பொறுப்பு? அரசிதழில் அச்சிட்டதோடு கடமை முடிந்துவிடாது. மாறிய விதியைப் புரியவைப்பதும் உதவியின் ஒரு பகுதிதான். அதற்கென ஆளும் பணமும் ஒதுக்கியாக வேண்டும்.

இது முதல் மாற்றமும் அல்ல. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏற்ற ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜூன் முதல் சான்றிதழ் இணையவழியில் மட்டுமே என்றானது. ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓடியாடித் தெரிந்துகொள்ளும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுந்தது.

தெரியாமல் போவதால் என்ன நட்டம் என்பதைப் பரிசோதனை அறைக்குள்ளேயே பார்க்கலாம். ஆட்டிசத்தை அளக்கும் இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. முகம் பார்க்கிறானா, ஆபத்துக்குப் பயப்படுகிறானா, தனியாகவே விளையாடுகிறானா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால்தான் ஆட்டிசம். 40 விழுக்காடும் அங்கேதான் தொடங்குகிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை 2016-ம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்வது அந்த 40-ஐத் தொட்ட பிள்ளைகளுக்கே. மதிப்பெண்ணில் ஒரு பகுதி தாய் சொல்லும் பதிலைப் பொறுத்தது. ஊர் பேச்சுக்கு அஞ்சி, பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "இல்லைங்க சார், நல்லாத்தான் விளையாடுவான்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு சமாளிப்பும் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது பிள்ளைக்குச் செய்யும் துரோகமல்ல என்று முன்கூட்டியே அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான்; ஆனால் இ-சேவை மையத்தில் மனுவைப் பதிவுசெய்பவர் விதியை விளக்கக் கடமைப்பட்டவர் அல்ல. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக ஷிப்டு பார்க்கும் அப்பா, ஒரு சந்தேகம் கேட்க 50 கிலோமீட்டர் தாண்டி சேலம் ஆட்சியர் அலுவலகம் போனால் அன்றைய கூலி போச்சு. ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பு இன்னும் வலுவானது. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் போதாது என்பது உண்மை. ஆனால் விதியைச் சொல்ல மருத்துவர் தேவையில்லை. அங்கன்வாடிப் பணியாளரும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரும் ஏற்கெனவே இந்த வீடுகளை அறிந்தவர்கள். ஏற்கெனவே வேலைப்பளுவில் இருப்பவர்கள் என்பதால் பயிற்சியும் கூடுதல் படியும் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். சான்றிதழோடு ஒரு தாளும் தமிழில் வரட்டும்: எத்தனை விழுக்காடு, எந்தத் தேதி வரை செல்லும், என்னென்ன கிடைக்கும், மறுத்தால் ஏன், யாரிடம் மேல்முறையீடு.

அந்தத் தாளில் பதினெட்டு வயதைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். பிள்ளைக்கு 18 நிறைந்த நாளிலிருந்து, பெற்றவர்களே ஆனாலும், சட்டப்படி அவர்கள் பாதுகாவலர் அல்ல. பாதுகாவலர் தேவைப்பட்டால் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனுக் கொடுத்து ஆணை பெற வேண்டும். வங்கிக் கணக்கிலோ சொத்துப் பத்திரத்திலோ கையெழுத்துச் சிக்கல் வந்த பிறகு ஓடுவதைவிட, 17 வயதிலேயே இந்தக் குடும்பங்களைப் பட்டியலெடுத்துக் கடிதம் அனுப்ப மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தால் முடியும். பிறந்த தேதி அந்த அலுவலகத்திடம் உள்ள அட்டை விவரத்திலேயே இருக்கிறது.