சனிப் பெயர்ச்சியும் மனிதப் பெயர்ச்சியும்

நம் மக்களில் யாரையாவது பார்த்து, "எப்படி அய்யா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, நேரம் சரியில்லை" என்பார்கள். நேரம் என்று இவர்கள் சொல்லுவது கடிகாரத்து நேரமல்ல. சனி எங்கே நிற்கிறது, குரு எங்கே பார்க்கிறது என்கின்ற நேரம். "பெயர்ச்சி வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துக் கொள்ளுவார்கள். பெயர்ச்சியும் வரும். பலன் புஸ்தகம் விற்றவனுக்கும், பரிகாரத் தட்டு நீட்டியவனுக்கும் நல்ல காலம் பிறக்கும். படுத்தவனோ துண்டை உதறி, அடுத்த பெயர்ச்சிக்காக மறுபடியும் விரிப்பான்.

இந்தச் சனியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. ஆகையால் ராசி ஒன்றுக்குச் சுமார் 2½ வருஷம். ஏழரைச் சனி என்பது மூன்று ராசிக் கணக்கு. அதாவது, எந்த நாளை எடுத்துக் கொண்டாலும் 12 ராசியில் 3 ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்து கொண்டேயிருக்கும். உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் சுமார் 200 கோடிப் பேருக்கு ஒரே சமயத்தில் கஷ்ட காலமாம்! இது போதாதென்று அஷ்டமச் சனி, கண்டகச் சனி, அர்த்தாஷ்டமச் சனி என்று இன்னும் மூன்று ராசிகளையும் வளைத்துப் போட்டால், பாதி உலகம் நிரந்தர வாடிக்கையாக அகப்பட்டு விடுகிறது. எந்த மளிகைக் கடைக்காரனுக்கு இப்படிப்பட்ட வியாபாரம் கிடைக்கும்? எவ்வளவு கிட்ட வந்தாலும் நமக்குச் சுமார் 120 கோடி கிலோ மீட்டருக்கு அப்பாலேயே நிற்கின்ற ஒரு வாயுக் கோளம், நம் தெருவில் ஒருவன் இன்று வேலைக்குப் போவதா, குடிக்கப் போவதா என்று தீர்மானிக்கிறதாம்!

விசைத்தறி ஊர் ஒன்றில் நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இருக்கிறார். தறிக்குச் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர். அது தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. வாரந்தோறும் சனிக்கிழமை கூலியில் ஒரு பாகம் பிடித்தமாகும். மீதியில் ஒரு பாகம் மதுக்கடைக்குப் போகும். அதற்கும் மீந்தது வீட்டுக்குப் போகும். முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. முதலாளியின் நோட்டுக்குத்தான் தெரியும்.

"எனக்கு ஏழரை நடக்குதுங்க அண்ணா. அது முடிஞ்சாத்தான் விடிவு" என்றார்.

இதே தோழர் கார்த்திகையில் மாலை போட்டவர். 41 நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்தார். செருப்பில்லாமல் நடந்தார். பீடியைத் தொடவில்லை; மதுக்கடைப் பக்கம் போகவில்லை. வாயில் கெட்ட வார்த்தை வரவில்லை. அந்த 41 நாளும் அவர் பெண்டு பிள்ளைகள் இராத்திரிச் சோற்றைப் பயமில்லாமல் தின்றார்கள். மலைக்குப் போய் வந்தார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று இரவே கடை வாசலில் நின்றார்.

நாம் கேட்கின்றோம்: அந்த 41 நாளும் எழுந்தது யார்? தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக் கொண்டது யாருடைய கை? பீடிக்காக ஊறிய நாக்கை அடக்கியது கழுத்தில் தொங்கிய துளசி மணியா? ஏழரை என்றால் அந்த 41 நாளும் ஏழரைதானே! சனி அந்த மாதத்தில் லீவு எடுத்துக் கொண்டதா? வேலையைச் செய்தவர் இவர். பெருமையை மாலைக்குக் கொடுத்து விட்டார். ஆகையினால் மாலை கழன்றபோது இவருடைய பலமும் கூடவே கழன்று ஆணியில் தொங்குகிறது. வருஷத்தில் 41 நாள் மனிதனாயிருக்கத் தெரிந்தவனுக்குப் பாக்கி 324 நாளும் ஏன் தெரியாது என்று ஒரு குருசாமியாவது கேட்டதுண்டா? (குடி நோயாகவே முற்றிவிட்டவர் விஷயம் வேறு. அவருக்கு மாலையும் வேண்டாம், நம் உபதேசமும் வேண்டாம். நல்ல வைத்தியர் வேண்டும்.)

"சாமி பயம் இருந்ததுங்க, அதனாலதான் முடிஞ்சுது" என்றார் தோழர். பயத்தால் வந்தது பயம் போனவுடன் போகும் என்பதற்கு அவரே சாட்சி. பழக்கம் எப்படி ஏறுகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள் 96 பேரை வைத்துச் சோதித்து 2009ல் வெளியிட்டார்கள். சாப்பிட்டபின் பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் நடப்பது போன்ற ஏதேனும் ஓர் அற்பக் காரியத்தைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்யவேண்டும், அவ்வளவே. யோசிக்காமலே கை தானாகப் போகும்படியாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கும் காரியத்துக்கும் தக்கபடி அது 18 நாள் முதல் 254 நாள் வரையில் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிப் போகவில்லை என்பதாகும். நம் விரதக்காரர்களோ, ஒரு நாள் தவறினால் தெய்வ குற்றம் என்று நடுங்குவார்கள். அல்லது "கலைந்தது கலைந்துவிட்டது" என்று ஒரேயடியாக விழுந்துவிடுவார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொரு கூட்டத்தாரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "21 நாளில் புது மனிதன்", "நாலு மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன்" என்று மேடை போட்டுக் கட்டணம் வாங்குகின்ற நவீன ஜோசியர்கள். நாலு மணிக்கு எழுவதால் பணம் வருமானால், பால் கறப்பவரும், மண்டியில் மூட்டை தூக்குபவரும், ஊர் எழுமுன் வீதி கூட்டுகின்ற தோழர்களுமல்லவா இந்நாட்டில் கோடீஸ்வரர்களாக இருக்க வேண்டும்? கூலி குறைவதும், முன்பணம் கழுத்தை இறுக்குவதும் சீக்கிரம் எழாததால் வந்த வினையல்ல. அவை எடுத்துக் கேட்டுத் தீர்க்க வேண்டிய அநியாயங்கள். ஆனால், தன் கணக்கு இன்னதென்று தெரியாதவன் எதைக் கேட்பான்?

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991ல் அறிவொளி இயக்கம் வேலை தொடங்கியபோது, வயல் வேலைக்கும் கல்லுடைக்கவும் போன பெண்கள், பகலெல்லாம் உழைத்த கையோடு வந்து, எழுத்துப் பழகினார்கள். கூடவே சைக்கிளும் பழகினார்கள். தெருவில் சிரித்த ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் விழுந்தார்கள், மறுநாள் மறுபடி ஏறினார்கள். ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காவிட்டால் ஆண்கள் சைக்கிளின் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக் கொண்டு ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நின்றவர்கள் அவர்கள். எந்த ராசிக்கு எந்தக் கிரகம் பெயர்ந்து இது நடந்தது? ஜோசியர்கள் சொல்லட்டும்.

நிற்க. நம் தறித் தோழரிடம் நாம் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. குடியை இன்றே விடு என்றுகூடச் சொல்லவில்லை. "ஒரு நோட்டு வாங்குங்கள். தறியை விட்டு இறங்கிக் கை கழுவினவுடன், இன்று எத்தனை மீட்டர், என்ன கூலி, என்ன பிடித்தம், எங்கே செலவு என்று நாலு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள்" என்றோம். நல்ல நாள் பார்க்கட்டுமா என்றார். சனிக்கிழமை, 9 மணிக்குமேல் 10½ மணிக்குள், அசல் ராகு காலத்திலேயே பிள்ளையார் சுழியில்லாமல் முதல் வரியை எழுதவைத்தோம். கை கொஞ்சம் நடுங்கியது.

மூன்று மாதமாகிறது. நடுவில் ஏழெட்டு நாள் எழுதவில்லையாம், மறுபடியும் எழுதினாராம். எங்கே செலவு என்கிற வரியில் மதுக்கடையின் பெயரைத் தன் கையாலேயே எழுதுவது வெட்கமாயிருக்கிறதென்று வாரத்தில் சில நாள் போவதில்லையாம். சென்ற சனிக்கிழமை பிடித்தக் கணக்கை முதலாளி வாசித்தபோது, இவர் தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒத்துப் போகவில்லை. "இதெல்லாம் யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாராம் முதலாளி. பக்கத்துத் தறிக்காரர்கள் இரண்டு பேர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் நோட்டு வாங்கியிருக்கிறார்கள்.